எடை பார்த்த ஞாயிறு

எங்கள் சந்துக்கு எடை பார்க்கும் தராசு வந்தபோது, அது பரிசு கொடுக்க வந்த தராசு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படி நினைக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் என் அக்கா.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் கால்வாய் ஓரமாக, ஓட்டு வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்ற சந்து எங்களுடையது. ஒரே அறை. அதன் மூலையில் அடுப்பு. அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காதான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். நான் பாஸ் செய்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வெளி ஆட்களிடம் பேச எனக்கு வராது. ஒரு தடவை லஸ் பக்கம் ஒரு கடையில் வேலை கேட்கப் போனேன். கடைக்காரர் "இன்னாம்மா வேணும்?" என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து பிளாஸ்டிக் வயர் கூடை பின்னினேன். அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். பெரியவளுக்கு நாலு வயது இருக்கும். துறுதுறுவென்று இருப்பாள். சின்னவன் நடக்க ஆரம்பிக்க வேண்டிய வயதில் சுவரைப் பிடித்து நிற்கவே யோசித்துக்கொண்டிருந்தான்.

அக்கா அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். தெற்கத்திக்காரர்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். பாத்திரம், துணி என்று போய்ச் சேர்ந்தவள், அந்த வீட்டில் குழந்தை பிறந்ததும் குளிப்பாட்டுகிறவளாகவும் ஆகிவிட்டாள். அதில் அவள் கை தேர்ந்தவள். கால் இரண்டையும் நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு, நல்லெண்ணெய் தேய்த்து, தோள், இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றாக உருவி விடுவாள். குழந்தை அழாது. அந்த வீட்டு அம்மா பக்கத்தில் நின்று, "என் கையில படுத்தா வீட்டையே ரெண்டாக்குதான். உன் கையில எப்பிடித்தான் இப்பிடிச் சமத்தா கெடக்கானோ" என்பார்களாம்.

அந்தக் குழந்தையும் எங்கள் சின்னவனும் ஏறக்குறைய ஒரே வயது. காலையில் அவனைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, மத்தியானம் இவனைக் குளிப்பாட்டுவாள். அதே கை, அதே உருவல். எண்ணெய் மட்டும் இங்கே உள்ளங்கையில் ஒரு சொட்டு.

தராசு வருவதற்கு முந்தின வருடம் தி.நகரில் ஒரு மாதர் சங்கத்தில் குழந்தைகள் போட்டி நடந்தது. அப்போதெல்லாம் அப்படிப் போட்டிகள் உண்டு. கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பார்கள். அபிராமபுரத்து வீட்டார் தங்கள் குழந்தையைக் காரில் கொண்டுபோனார்கள். மடியில் வைத்துக்கொள்ள அக்காவும் போனாள். எங்கள் சந்தில் இருந்து அப்படி ஓர் இடத்துக்குள் போய் வந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் குழந்தைக்கு முதல் பரிசு கிடைத்தது. வெள்ளி டம்ளரும் பால் மாவு டின்களும்.

அன்று சாயங்காலம் சந்தில் வாசல்படியில் உட்கார்ந்து அக்கா அதைச் சொன்னாள். பிறகும் பல தடவை சொன்னாள். "ஒரு பெரிய தராசு வச்சிகீறாங்க. அதுல கொழந்தைய ஒக்கார வச்சி, முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கறாங்க. டாக்டரம்மா வாயத் தொறந்து பல்லு பாக்கறாங்க. எல்லாம் முடிஞ்சி எங்க கொழந்தைதான் பஸ்ட்டுன்னு சொன்னதும் எல்லாரும் கைதட்டுறாங்க. எனக்கு அழுகை வந்துட்ச்சி. நான் தேய்ச்ச ஒடம்பு இல்ல அது?"

'எங்க கொழந்தை' என்றுதான் அவள் சொல்வாள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். வருகிற ஞாயிறு காலை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்கு எடை பார்க்கப்படும், எடையைப் பார்த்துத் தினமும் இலவசப் பால் கொடுக்கப்படும், தாய்மார்கள் தவறாமல் வரவும். இவ்வளவுதான். ஜீப் போன பிறகு சந்துப் பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தராசைப் பற்றித் தெரிந்தவள் எங்கள் வீட்டில்தானே இருந்தாள்.

எதிர் வீட்டு இட்லிக்காரம்மாதான் முதலில் கேட்டார்கள். அவர்களுடைய பேத்தி நல்ல குண்டு. "ஏம்மா, இன்னா பண்ணுவாங்க? நீதான் பாத்துக்கினு வந்தவளாச்சே."

"எடை போடுவாங்க. கூட எடை கீற கொழந்தைக்குப் பாலு."

"எல்லாத்துக்கும் இல்லியா?"

"எல்லாத்துக்கும் குடுக்க அவங்க இன்னா மாட்டுப் பண்ணையா வச்சிகீறாங்க? நல்லா வளர்த்துகீறா பாருன்னு, அந்தத் தாய்க்குக் குடுக்கறது அது. பரிசு மாதிரி."

"அப்ப எம்பேத்திதான் பஸ்ட்டு."

"ஒம்பேத்தி துன்ற தீனில ஒன் வியாபாரமே படுத்துக்கினு கீது. அதுக்குப் பாலு வேற."

எல்லோரும் சிரித்தார்கள். இட்லிக்காரம்மாவும் சிரித்தார்கள். அப்புறம் அக்கா அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தாள். வெறும் வயிற்றோடு கொண்டுவராதீர்கள். முதல் நாளே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். கொலுசு, அரைஞாண் கயிறு எது இருந்தாலும் போடுங்கள், கழுத்தோடு மூடின சட்டையாகப் போடுங்கள். கண்ணு படாமல் கன்னத்தில் பொட்டு வையுங்கள். தூங்கி வழிகிற குழந்தையைக் கொண்டுபோனால் ஒதுக்கிவிடுவார்கள், அதனால் விளையாட்டுக் காட்டிச் சிரிக்க வையுங்கள்.

ஞாயிறு காலை எங்கள் சந்து கல்யாண வீடு போல இருந்தது. அக்கா சின்னவனுக்குக் கேழ்வரகுக் கூழ் கரைத்து, அவன் தலையைத் திருப்பத் திருப்பப் பாட்டுப் பாடி ஊட்டினாள். புறப்படும்போது ஒரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வைத்தாள். அவன் ஏப்பம் விட்டான். கனமான வெள்ளித் தண்டையும் அரைஞாணும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்தாள். அபிராமபுரத்துக் குழந்தை போட்டுக் கழித்த கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. அந்தப் புழுக்கத்தில் அதையும் போட்டுவிட்டாள். அவன் முகம் சிவந்து, அந்தச் சட்டைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். "சோக்கா கீறான் பாரு," என்றார் மாமா. அன்று சவாரிக்குப் போகாமல், அக்காவையும் பிள்ளைகளையும் ரிக்‌ஷாவில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் வரை மிதித்தார். நான் பின்னால் நடந்து போனேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் தராசு வைத்திருந்தார்கள். முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல ஓர் இளைஞர். எழுதிக்கொள்ள ஓர் அம்மா. கைத்தறிப் புடவை, தடிமனான கண்ணாடி, நாற்பது வயது இருக்கலாம். அடையாறில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வருவதாகச் சொன்னார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. டாக்டரும் இல்லை, சர்க்காரும் இல்லை என்றால் இந்த அம்மாவுக்குக் குழந்தை எடை எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. ஊரில் யாருக்கு எது போய்ச் சேருகிறது, யாருக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலையாம். அந்தப் பாலும் அவர்கள் வழியாகத்தான் வந்தது. அது கொஞ்சம்தான் இருந்தது. அதனால் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது.

"சட்டை, நகை எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா," என்று அந்த அம்மா சொன்னார்கள்.

வரிசையே கலைந்தது. "இத்தினி பேர் முன்னால அவுத்துப் போடச் சொல்றீங்களேம்மா," என்றாள் ஒருத்தி. "கண்ணு பட்டா நீங்களா வந்து சுத்திப் போடுவீங்க?" என்றார்கள் இட்லிக்காரம்மா. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பவே பார்த்தார்கள் சிலர். அந்த அம்மா சற்று நேரம் யோசித்து, "சரி, இருக்கட்டும். வந்தா போதும்," என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் பெண்கள் போய்விடக் கூடாதே என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அக்கா சின்னவனைத் தராசில் உட்கார வைத்தாள். முள் ஆடி நின்றது. இளைஞர் எண்ணைச் சொன்னார். அந்த அம்மா எழுதிக்கொண்டு, நிமிர்ந்து அக்காவைப் பார்த்துப் புன்னகையோடு, "பரவாயில்லையே, நல்லா வளர்த்திருக்கீங்க," என்றார்கள்.

அந்தச் சொல்லை அக்கா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டியா? நல்லா வளர்த்துகீறீங்கன்னாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்க." ரிக்‌ஷாவின் பின்னால் நடந்துகொண்டே நான் தலையாட்டினேன். எனக்கும் சந்தோஷம்தான்.

சில நாள் கழித்துப் பால் அட்டை கொடுத்தார்கள். எங்கள் சந்தில் அநேகமாக யாருக்கும் வரவில்லை. கால்வாயை ஒட்டின குடிசைகளில் பலருக்கு வந்தது. அந்தக் குடிசைக்காரர்களுக்கு அக்காவைப் போல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூப்பிட்டார்கள் என்று இருந்த கோலத்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

எங்கள் சந்தில் ஒரே கொதிப்பு. "அந்தப் பிள்ளைங்களப் பாத்தீங்களா? எலும்புக்குப் பரிசு குடுக்கறாங்க போல கீது," என்றாள் ஒருத்தி. "எல்லாம் கவுன்சிலர் வேல," என்றார் மாமா. "ஓட்டு அந்தப் பக்கம்தான கீது." "எம்பேத்தியவே உட்டுட்டாங்கன்னா இன்னா நியாயம்?" என்று இட்லிக்காரம்மா நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் யாருக்கும் புரியவில்லை. குறைச்சலாக இருப்பதற்காக ஒன்று கொடுப்பார்கள் என்பது எங்கள் யோசனைக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் கூட வாங்கினால்தான் பரிசு. கடையில் கூட வாங்குகிறவர்களுக்குத்தான் உபசரிப்பு. கோயிலில்கூடப் பெரிய மாலையோடு வருகிறவர்களுக்குத்தான் முதல் மரியாதை. நாங்கள் பார்த்த உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

அக்கா மட்டும் கத்தவில்லை. மறுநாள் காலை சின்னவனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் ஒரு டம்ளரோடு அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பால் அண்டா முன்னால் ஒரு வயதானவர் கரண்டியோடு நின்றிருந்தார்.

"நைனா, எம்புள்ளைக்கு ஏன் அட்டை வரல? அன்னிக்கு நல்லா கீறான்னு அந்த அம்மாவே சொன்னாங்க."

"அதான்மா வரல. நல்லா கீற கொழந்தைக்கு எதுக்குப் பாலு? எடை கொறைஞ்ச கொழந்தைக்குத்தான் இது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குள் இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவள் சின்னவனின் சட்டையை மார்பு வரை தூக்கினாள். அன்று கம்பளி இல்லை, தண்டை இல்லை, அரைஞாண் இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவர் பார்த்தார். "அன்னிக்கு எப்படிம்மா அத்தினி எடை வந்துச்சி?" என்றார்.

அக்கா சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"மழை முடிஞ்சி திரும்ப எடை பாப்பாங்க. அப்ப கொண்டா. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நின்று, அண்டாவில் இருந்து ஒரு கரண்டி எடுத்து எங்கள் டம்ளரில் ஊற்றினார். "யாராண்டயும் சொல்லாத."

சின்னவன் அதை மூச்சு விடாமல் குடித்தான். டம்ளரை எடுத்த பிறகும் அதன் பின்னாலேயே வாயைக் கொண்டுபோனான். மறுநாள் நான் அக்காவிடம், "இன்னிக்கும் போலாமா?" என்று கேட்டேன். "அவுரு வேலைக்கு வேட்டு வெக்கணுமா?" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

விஷயம் சந்துக்குத் தெரிய நாளாகவில்லை. இட்லிக்காரம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காருல மாதர் சங்கத்துக்குப் போய்ட்டு வந்தவ சொன்னாளேன்னு கேட்டம்மா. இருந்த பாலும் போச்சி," என்றார்கள். அக்கா உள்ளே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் அதற்கு அடுத்த நாள் காலையில் இருந்து சின்னவனுக்கு என்று ஓர் இட்லி, இலையில் சுற்றி எங்கள் வாசற்படியில் இருந்தது. அவன் அதில் பாதிகூடத் தின்னவில்லை.

அபிராமபுரத்து வீட்டில் கேட்டிருக்கலாம். அங்கே பால் பொங்கிக் கீழே வழிவதைத் துடைக்கிறவளே அக்காதான். ஒருநாள் அந்த அம்மா தாமாகவே, "உன் பையன் எப்பிடி இருக்கான் புள்ள? ஒருநாள் கூட்டிட்டு வாயேன்," என்று கேட்டார்களாம். அக்கா, "நல்லா கீறாம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் இதைச் சொன்னபோது மாமாவுக்குக் கோபம் வந்தது. "வாயத் தொறந்து கேட்டா இன்னா? முத்தா கொட்டிடும்?"

"அந்தக் கொழந்தைக்கு எண்ண தேய்க்கறவ நான். எங்கொழந்தை இப்படின்னா, நாளைக்கு எங்கையில புள்ளையக் குடுப்பாங்களா?" என்றாள் அக்கா.

மாமா வெளியே போய் ரிக்‌ஷாவைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் சொன்னதில் பொய் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த வருடம் மழை சீக்கிரமே வந்து, விடாமல் பெய்தது. கால்வாய் நிறைந்து, சாக்கடையும் குடிதண்ணீரும் ஒன்றாயின. சந்தில் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இட்லிக்காரம்மாவின் பேத்திக்கும் வந்தது. இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு எழுந்து, மறுபடி தெருவில் ஓடியது. எங்கள் சின்னவனுக்கு வந்தபோது அவன் உடம்பில் போவதற்கு எதுவும் இல்லை. காலையில் ஆரம்பித்தது. மத்தியானம் கண் உள்ளே போய்விட்டது. மாமா முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் குடையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அவனைப் புடவைக்குள் வைத்து, அவன் தொடையை உருவி விட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். அவன் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் அப்படியே நின்றது. "உடம்புல சத்தே இல்லையேம்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? பால் எல்லாம் இலவசமா குடுக்கறாங்களே, வாங்கலையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

மறுநாள் பகல், மழை சற்று விட்டிருந்த நேரத்தில், அவன் போய்விட்டான். அக்கா அழவில்லை. நர்ஸ் அவனைத் துணியில் சுற்ற வந்தபோது, "நான் குளிப்பாட்டிக் குடுக்கறேன்," என்று கேட்டாள். அங்கே அதற்கு இடம் இல்லை என்று சொன்னார்கள்.

அந்தப் பால் கிடைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பால் குடித்த குடிசைக் குழந்தைகளிலும் அந்த மழையில் தப்பாதவர்கள் உண்டு. நான் எனக்கே இதைப் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொள்வாள்.

காரியம் முடிந்த சில நாளில் அவள் அபிராமபுரத்துக்கு வேலைக்குப் போனாள். நான் போகிறேன், நீ இரு என்றேன். "ஒனக்குக் கொழந்தையப் புடிச்சிக் குளிப்பாட்டத் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிந்து மறுபடி தராசு வந்தது. இந்தத் தடவை சந்துப் பெண்கள் குழந்தைகளைச் சட்டை இல்லாமல், கஞ்சி கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் போகவில்லை. ஒரே சந்தில் சில மாதங்களில் இத்தனை குழந்தைகளுக்கு எடை எப்படிக் குறைந்தது என்று அந்த அடையாறு அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். போட்டி, வெள்ளி டம்ளர், தண்டை எல்லாவற்றையும் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பாய் போட்டேன். பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

"உங்க பையனைப் பத்திக் கேள்விப்பட்டேன்," என்றார்கள். அதற்கு மேல் வெகுநேரம் அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. படித்தவர்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கம்மா," என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். கேக்கறது தப்புன்னா சொல்லிடுங்க, போயிடறேன். நாங்க மைக்குல சரியாச் சொல்லல. மெலிஞ்ச குழந்தைக்குத்தான் பால்னு மொதல்லயே சொல்லியிருந்தா, அன்னிக்கு நீங்க அவனை எப்படிக் கொண்டாந்திருப்பீங்க?"

இருந்த கோலத்தில் கொண்டுவந்திருப்பேன் என்று அக்கா சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அக்கா உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கொண்டாந்தே இருக்க மாட்டேம்மா."

"ஏம்மா?"

"அந்த வரிசைல நின்னா, இவ புள்ளையப் பட்டினி போட்டவன்னு ஆயிடுமே. நான் போடலியே. எனக்கு இல்லாம அவனுக்குக் குடுத்தவ நானு." குரல் உயரவில்லை. "தராசு மேல வெச்சி, தோ பாரு, கொறைச்சல்னு ஊருக்குக் காட்டி வாங்கற பாலு. அத்த எப்படிம்மா வாங்கறது? இப்ப கேட்டீங்கன்னா வாங்குவேன். காலுல விழுந்தாவது வாங்குவேன். அப்ப மாட்டேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பையிலிருந்து பேனாவை எடுக்கவில்லை. போகும்போது சந்து முனை வரை நான் கூட நடந்தேன். அங்கே நின்று என்னிடம், "எடை பார்க்கறதுன்னு வச்சதே எங்க தப்பு," என்றார்கள். "எல்லாக் குழந்தைக்கும்னு சொல்லிட்டா, யாரும் யார்கிட்டயும் எதையும் காட்ட வேண்டாம். அதுக்குப் பால் பத்தாதுன்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. நான் சண்டை போட்டுப் பார்க்கறேன்." சரி என்று தலையாட்டினேன். கேட்டிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது.

அவர்கள் சண்டை போட்டிருக்க வேண்டும். வெயில் காலம் முடியும்போது மறுபடி ஜீப் வந்தது. இந்தத் தடவை தராசு இல்லை, அட்டை இல்லை. டம்ளரோடு வந்தால் போதும். குடிசையா ஓட்டு வீடா, குண்டா ஒல்லியா என்று யாரும் பார்க்கவில்லை. பாலில் முன்பைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூட இருந்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

முதல் நாள் அக்கா பெரியவளுக்குத் தலை வாரிவிட்டு, என்னிடம், "நீ இட்டுக்கினு போ," என்றாள். போனேன். அதே வயதானவர்தான் ஊற்றினார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "எங்க, அந்தப் பையன்?" என்றார். நான் டம்ளரை நீட்டினேன். பின்னால் நின்ற இட்லிக்காரம்மா, "நீ ஊத்து நைனா, வரிசை நிக்குது," என்று அதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தோம். அக்கா அரிசி களைந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நம்ப சந்துல எல்லாரும் வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க."

"எதுத்த வூட்டுப் பேத்தி?"

"அதுவுந்தான். ரெண்டாந் தபா வரிசைல வந்து நின்னுது. தொரத்தி உட்டாங்க."

"அந்தக் குண்டுக்குப் பாலு," என்று சொல்லி அக்கா சிரித்தாள். மழைக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பெரியவளும் சேர்ந்து சிரித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

ஆஸ்பத்திரியிலும் வராத அழுகை. காரியத்தன்றும் வராதது. பெரியவளை வெளியே விளையாட அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.